எம்டன் கதையை மூல ஆவணங்களில் சரிபார்ப்பது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

உலக வரலாற்றின் விநோதக் கதைகளைத் தமிழில் எழுதுவோரும் காணொளியாகச் சொல்வோரும் இன்று பலர் இருக்கின்றனர். ஆனால் ஒரு கதையில் எது நடந்தது, எது பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது என்று பிரித்தறிய எந்த ஆவணத்தை எங்கே தேட வேண்டும், அதற்கு என்ன செலவாகும், எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை ஓரிடத்தில் சொல்லும் தமிழ்க் குறிப்பு எதுவும் என் கண்ணில் படவில்லை. முதல் உலகப்போர்க் காலத்து ஜெர்மன் போர்க்கப்பலான எம்டனைப் பற்றிய செய்திகளைத் தேடித் திரிந்தபோது இந்த வரிசை எனக்கு மெல்ல மெல்லப் பிடிபட்டது. அடுத்து வருபவர் அந்த அலைச்சலைத் தவிர்க்கலாம் என்பதால் எம்டனையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை எழுதுகிறேன். இதே முறை வேறு எந்த நாட்டுக் கதைக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

தொடங்கும் முன் ஒரு விதியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்: பணம் கொடுத்துப் பெற வேண்டிய ஆவணங்களை எப்போதும் கடைசிக்கு ஒதுக்குங்கள். இலவசமாகக் கிடைப்பவற்றை முறையாகப் பார்த்து முடித்தாலே பெரும்பாலான கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். மிஞ்சும் கேள்விகளுக்கும் எந்தக் கோப்பைக் கேட்க வேண்டும் என்பது அதற்குள் தெளிவாகியிருக்கும்.

1. கதையைத் தனித்தனிக் கூற்றுகளாகப் பிரியுங்கள்

‘எம்டன் சென்னையைத் தாக்கிய கதை’ என்று மொத்தமாகத் தேடினால் மொத்தமாகவே குழப்பம் வரும். ஒரு தாளில் கூற்றுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசியதில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன என்பது ஒரு கூற்று. எத்தனை குண்டுகள் வீசப்பட்டன என்பது இன்னொன்று. வெளிநாட்டிலிருந்து செயல்பட்ட இந்தியப் புரட்சியாளர் செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்தார் என்பது மூன்றாவது. நவம்பர் 9 அன்று இந்தியப் பெருங்கடலிலுள்ள கோகோஸ் தீவுகளருகே எம்டன் வீழ்ந்தபோது, கரையிறங்கியிருந்த ஏறத்தாழ 50 பேர் ‘ஆயிஷா’ என்ற பாய்மரக் கப்பலைக் கைப்பற்றித் தப்பினார்கள் என்பது நான்காவது.

இந்த நான்குக்கும் சான்று வெவ்வேறு நாடுகளில் இருக்கிறது. முதலாவதற்குச் சென்னையிலும் சிங்கப்பூரிலும், இரண்டாவதற்கு இரு தரப்புப் போர்க் குறிப்புகளிலும், மூன்றாவதற்கு டெல்லி, லண்டன் உளவுக் கோப்புகளிலும், நான்காவதற்கு ஆஸ்திரேலிய, டச்சு நாளிதழ்களிலும் தேட வேண்டும். பிரித்து எழுதாமல் தேடத் தொடங்கியவர்கள் ஒரே தளத்தில் மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கூற்றுகளுக்குப் பக்கத்திலேயே நாள், இடம் இரண்டையும் குறியுங்கள். எம்டனுக்கு இந்த நாள்கள் கைவசம் இருந்தால் போதும்: ஜூலை 31 அன்று, அப்போது ஜெர்மனி வசமிருந்த சீனத் துறைமுகமான சிங்தாவிலிருந்து புறப்பாடு, செப்டம்பர் 22 சென்னை, அக்டோபர் 28 பினாங்கு, நவம்பர் 9 கோகோஸ், ஆயிஷாவின் குழுவினர் 1915 ஜனவரியில் செங்கடல் கரையிலுள்ள ஹொதைதாவை அடைந்தது, மே மாதம் கான்ஸ்டான்டினோபிள் போய்ச் சேர்ந்தது.

2. தேடுசொற்களை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்

புதியவர்கள் மிக அதிகமாக நேரத்தை இழப்பது இந்த இடத்தில்தான். எம்டன் என்பது வடகடலோரத்திலுள்ள ஒரு ஜெர்மன் நகரத்தின் பெயரும்கூட. அந்தப் பெயரை மட்டும் இட்டால் அந்நகரத்துக் கப்பல் வருகைப் பட்டியல்கள்தான் வந்து குவியும். 1914-க்குப் பிறகு ஜெர்மனி அதே பெயரை வேறு போர்க்கப்பல்களுக்கும் சூட்டியது. எம்டனை வீழ்த்திய ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னிக்கும் இதே சிக்கல் உண்டு. அந்தப் பெயர் கொண்ட அடுத்த கப்பல் 1941-இல் மூழ்கிய நிகழ்வு மிகப் பெரியது என்பதால் அதைப் பற்றிய செய்திகளே தேடலில் முன்னால் வந்து நிற்கும். ஆகவே பெயரோடு ஆண்டையும் இன்னொரு சொல்லையும் சேர்த்தே தேடுங்கள். எம்டனுடன் மெட்ராஸ், எம்டனுடன் முல்லர் (அதன் தலைவர் கார்ல் ஃபான் முல்லர்), ஆயிஷாவுடன் படாங் (அது போய்ச் சேர்ந்த சுமத்திராத் துறைமுகம்) என்பன போன்ற இணைகள் நல்ல பலன் தரும்.

இடப்பெயர்களையும் அன்றைய வழக்கில்தான் தேட வேண்டும். கோகோஸ் தீவுகள் பல இதழ்களில் கீலிங் தீவுகள் என்றே வரும். ஜகார்த்தா அன்று பட்டேவியா. செண்பகராமன் பிள்ளையின் பெயரை ஆங்கிலக் கோப்புகளில் பல விதமாக எழுதியிருக்கிறார்கள். ஒரே வார்த்தையாகவும், இரண்டாகப் பிரித்தும், ‘பிள்ளை’ என்று மட்டும் இட்டும் தேடிப் பார்க்காமல் ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்ற முடிவுக்கு வராதீர்கள்.

3. இலவச நாளிதழ்க் காப்பகங்களிலிருந்து தொடங்குங்கள்

செலவு: இல்லை. காலம்: ஒழுங்காகச் செய்தால் இரண்டு வார இறுதிகள் போதும்.

முதலில் ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ‘ட்ரோவ்’ தளம். கணக்குத் தொடங்காமலேயே பழைய நாளிதழ்களைப் படிக்கலாம், பக்கங்களைப் பி.டி.எஃப் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். கோகோஸ் சண்டையை இவ்வளவு விரிவாகப் பதிவு செய்த இதழ்த் தொகுப்பு வேறில்லை, ஏனெனில் அது ஆஸ்திரேலியக் கடற்படையின் முதல் பெரிய வெற்றி. அடுத்தது சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் ‘நியூஸ்பேப்பர் எஸ்ஜி’. சென்னை, பினாங்குத் தாக்குதல்கள் குறித்த செய்திகளுக்கு இதையே முதலில் நாடுங்கள். நியூசிலாந்தின் ‘பேப்பர்ஸ் பாஸ்ட்’ தளமும் இலவசம்தான். கம்பிவழிச் செய்திகள் (தந்தியில் வந்தவை) அங்கே சுருக்கமாக, ஆனால் நாள்வாரியாக ஒழுங்காக இருக்கும்.

ஆயிஷாவின் பயணத்தைத் தொடர நெதர்லாந்து அரச நூலகத்தின் ‘டெல்ஃபர்’ தளத்துக்குச் செல்லுங்கள். ஆயிஷா 1914 நவம்பர் இறுதியில் சுமத்திராவின் படாங் துறைமுகத்துக்கு வந்தது. அது நடுநிலை வகித்த டச்சு ஆட்சிக்குட்பட்ட பகுதி என்பதால், அங்கிருந்து வெளிவந்த இதழ்கள் பிரிட்டிஷ் தணிக்கைக்கு உட்படவில்லை. டச்சு மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கப்பலின் பெயரும் ஊரின் பெயரும் அப்படியே இருக்கும், கண்டெடுத்த பத்தியை மொழிபெயர்ப்புச் செயலியில் இட்டால் பொருள் விளங்கிவிடும். ஜெர்மன் இதழ்களுக்கு அந்நாட்டு மின்னூலகத்தின் நாளிதழ்ப் பகுதி இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் 1914-இன் ஜெர்மன் இதழ்களில் பெரும்பாலானவை ‘பிராக்டுர்’ என்ற பழைய அச்செழுத்தில் இருப்பதால், கணினி அவற்றைத் தவறாகப் படித்திருக்க வாய்ப்பு அதிகம்.

எல்லாத் தளங்களிலும் இந்தச் சிக்கல் உண்டு. பக்கத்தின் படத்திலிருந்து கணினி எழுத்தைப் பிரித்தெடுக்கிறது. மை மங்கிய இடங்களில் பெயர்கள் சிதைந்துவிடும். எனவே தேடலில் வராத செய்தி இதழிலும் இல்லை என்று எண்ணக் கூடாது. நிகழ்வு நடந்த நாளுக்கு மறுநாள் தொடங்கி ஒரு மாத இதழ்களைத் தேடுசொல் இல்லாமல், பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். சலிப்பூட்டும் வேலைதான். ஆனாலும் இதில் கிடைப்பது தேடுபெட்டியில் கிடைப்பதைவிடப் பல மடங்கு அதிகம். கம்பிவழிச் செய்தி ஓரிரு நாளில் அச்சேறும். நேரில் கண்டவர்களின் கடிதங்களோ கப்பல் அஞ்சலில் வந்து, பல வாரங்கள் கழித்து உள்பக்கங்களில் இடம்பெறும். விவரங்கள் நிறைந்திருப்பது அந்தக் கடிதங்களில்தான்.

போர்க்காலத் தணிக்கையையும் மறக்க வேண்டாம். 1914-இல் பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட இதழ்கள் சேதத்தைக் குறைத்தே சொல்லியிருக்கும், ஜெர்மன் இதழ்கள் கூட்டியே சொல்லியிருக்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால்தான் நடந்தது புலப்படும்.

கண்டெடுத்த ஒவ்வொரு பக்கத்துக்கும் இதழின் பெயர், நாள், பக்க எண், தளம் தரும் நிலையான இணைப்பு ஆகிய நான்கையும் அப்போதே குறித்துவிடுங்கள். உலாவியின் முகவரிப் பட்டையில் தெரியும் நீண்ட முகவரி சில மாதங்களில் செயலற்றுப் போகலாம். ‘மேற்கோள்’ என்ற பொத்தானை அழுத்தினால் வரும் குறுகிய இணைப்புதான் நிலைத்திருக்கும்.

4. நேரில் இருந்தவர்களின் நூல்களை இலவசமாகப் படியுங்கள்

கரையிறங்கிய குழுவின் தலைவரான ஹெல்முத் ஃபான் மூக்கே, எம்டனைப் பற்றியும் ஆயிஷாவைப் பற்றியும் 1915-இலேயே இரண்டு நூல்கள் எழுதினார். அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் 1917-இல் வெளிவந்தன. இவை பதிப்புரிமைக் காலம் கடந்தவை என்பதால் இணைய ஆவணக் காப்பகமான ‘ஆர்க்கைவ்’ தளத்தில் முழுமையாகக் கிடைக்கின்றன. கடையில் மறுபதிப்பை விலை கொடுத்து வாங்கும் முன் அங்கே தேடுங்கள். எதிர்த்தரப்பு நோக்குக்கு ஆஸ்திரேலியாவின் முதல் உலகப்போர் அதிகாரபூர்வ வரலாற்றின் கடற்படைத் தொகுதி இருக்கிறது. அதை ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் தளத்தில் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம்.

மூக்கேயின் நூல்களை நம்பலாமா என்று பலரும் கேட்கிறார்கள். பயணத்தின் வரிசை, இடம், காற்று, தண்ணீர்ப் பஞ்சம் போன்றவற்றுக்கு அவை மிகச் சிறந்த சான்று. ஆனால் போர் நடந்துகொண்டிருந்தபோதே தம் நாட்டு மக்களுக்காக எழுதப்பட்டவை அவை. எதிரியின் மனநிலை, அவர்களுடைய இழப்பு ஆகியவற்றைப் பற்றிய வரிகளை வேறொரு சான்று இல்லாமல் எடுத்தாள வேண்டாம். சென்னைத் தாக்குதலின்போது மூக்கே கப்பலில் இருந்தவர். நகரத்துக்குள் என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

5. இந்திய ஆவணக் காப்பகங்கள்: சான்றிதழ்கள், கட்டணம், காலம்

முதலில் வீட்டிலிருந்தே டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ தளத்தில் பதிவு செய்யுங்கள். மின்னஞ்சல் முகவரி இருந்தால் போதும், பதிவுக்குக் கட்டணம் இல்லை. 1914, 1915 ஆண்டுகளின் உள்துறை அரசியல் பிரிவுக் கோப்புகளில் கணிசமானவை மின்வடிவில் ஏற்றப்பட்டுள்ளன. வெளிநாட்டிலிருந்த இந்தியப் புரட்சியாளர்களைப் பற்றி அரசு திரட்டிய தகவல்கள் அந்தப் பிரிவில்தான் இருக்கும்.

பிறகு சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். இங்கே நேரில் சென்று படிக்க முன் அனுமதி வேண்டும். விண்ணப்பம், ஆய்வின் தலைப்பும் காலவரம்பும் குறித்த ஒரு பக்க விளக்கம், அடையாள அட்டையின் நகல், புகைப்படங்கள், கல்லூரியோ நிறுவனமோ தரும் பரிந்துரைக் கடிதம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் தர நிறுவனம் இல்லாதவர்கள் புறப்படும் முன்பே தொலைபேசியில் பேசி, தங்களைப் போன்றோருக்கு என்ன வழி என்று கேட்டுக்கொள்வது நல்லது. அனுமதி வருவதற்குள் வெளியூரிலிருந்து தொடர்வண்டிச் சீட்டு எடுக்க வேண்டாம். நகல் கட்டணம் பக்கக் கணக்கில் அமையும், அவ்வப்போது மாறவும் செய்யும். விண்ணப்பிக்கும் நாளிலேயே அன்றைய கட்டணத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

உள்ளே போனவுடன் ‘எம்டன் பற்றிய கோப்பு வேண்டும்’ என்று கேட்டால் பயனில்லை. அரசாணைகள் துறை, எண், நாள் என்ற வரிசையில்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே 1914-ஆம் ஆண்டின் அட்டவணைத் தொகுதிகளை முதலில் வாங்கிப் பொதுத்துறை, கடல்சார் துறை ஆகியவற்றின் தலைப்புகளைப் பார்த்து, எண்ணும் நாளும் குறித்த பிறகே கோப்புக்குச் சீட்டு எழுதுங்கள். முதல் நாள் முழுவதும் அட்டவணையிலேயே கழியும் என்று எதிர்பார்த்துச் செல்லுங்கள். கோப்பு அன்றே வராமலும் போகலாம். சென்னைக்கு வெளியிலிருந்து வருவோர் குறைந்தது ஒரு வேலை வாரத்தையாவது ஒதுக்க வேண்டும். அரசு விடுமுறைகளை நாள்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தவறவிடக் கூடாத ஒரு தொகுப்பு இங்கே உண்டு. அன்றைய தமிழ், தெலுங்கு, மலையாள இதழ்கள் என்ன எழுதின என்பதை அரசு தன் பயன்பாட்டுக்காக ஆங்கிலத்தில் சுருக்கித் தொகுத்த அறிக்கைகள் அவை. மூல இதழ் அழிந்துபோன நிலையிலும் அதன் சாரம் இந்த அறிக்கையில் தப்பிப் பிழைத்திருக்கலாம். எம்டன் வந்த இரவுக்குப் பின் நம் இதழ்கள் என்ன பேசின என்று அறிய விரும்புவோருக்கு இது பெரும் புதையல்.

சென்னை உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரிலுள்ள எம்டன் கல்வெட்டைப் பார்த்துவிட்டு அதையே சான்றாகக் காட்டுவோர் உண்டு. குண்டு விழுந்த இடத்தை நினைவுகூரும் அடையாளமாக அதை மதிக்கலாம். மற்ற விவரங்களுக்கு அது போதுமான ஆதாரமல்ல.

6. லண்டன் ஆவணங்கள்: பணம் செலவாகும் இடம்

இங்கே இரண்டு நிறுவனங்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இந்திய ஆட்சியைக் கவனித்த பிரிட்டிஷ் அரசுத் துறையான இந்தியா அலுவலகத்தின் கோப்புகள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. கடற்படைக் கோப்புகள் கியூ பகுதியிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கியூவில் ‘ஏடிஎம் 53’ (ADM 53) வரிசை கப்பல்களின் நாட்குறிப்புகள். ‘ஏடிஎம் 137’ (ADM 137) வரிசை முதல் உலகப்போர் பற்றிய கடற்படைத் தொகுப்பு. எம்டனைத் துரத்திய ஹாம்ப்ஷயர், யார்மவுத் போன்ற பிரிட்டிஷ் கப்பல்களைப் பற்றி அறிய இவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

நேரில் செல்ல வாய்ப்புள்ளவருக்கு வாசகர் அட்டை இரண்டு இடங்களிலும் இலவசம். பெயரை நிறுவ ஓர் ஆவணமும் முகவரியை நிறுவ ஓர் ஆவணமும் மூலப் பிரதியாகக் கொண்டு செல்ல வேண்டும். பிரிட்டிஷ் நூலகம் 2023 அக்டோபரில் பெரும் இணையத் தாக்குதலுக்கு உள்ளானது; அதன் அட்டவணையும் கோரிக்கைச் சேவையும் நீண்ட காலம் பாதிக்கப்பட்டிருந்தன. எனவே வேண்டிய கோப்பை உண்மையில் பார்க்க முடியுமா என்று மின்னஞ்சலில் கேட்டு, எழுத்துமூலம் பதில் வந்த பிறகே பயணத்தைத் திட்டமிடுங்கள்.

வீட்டிலிருந்தே நகல் பெற விரும்பினால், கியூவின் அட்டவணையில் கோப்பு எண்ணைக் கண்டுபிடித்து, முதலில் பக்கங்களை எண்ணித் தரச் சொல்லி ஒரு சிறு கட்டணம் செலுத்த வேண்டும். அவர்கள் விலை சொன்ன பிறகு நகலுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். முதல் கட்டணம் நகலில் கழிக்கப்படும் என்று எண்ணி ஏமாற வேண்டாம். ஏடிஎம் 137-இல் ஒரு தொகுதி நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்டதாக இருக்கும். முழுத் தொகுதியையும் கேட்டால் தொகை தாங்காது. நாள் வரம்பைக் குறிப்பிட்டு அந்தப் பக்கங்களை மட்டும் கேளுங்கள். உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதியை முன்பே இயக்கி வையுங்கள். வங்கி தன் பங்குக்கு நாணய மாற்றுக் கட்டணமும் பிடிக்கும்.

சந்தா கட்டிப் படிக்கும் பழைய இதழ்த் தளங்களில் கவனமாக இருங்கள். பலவற்றில் தேடுவது இலவசம், பக்கத்தைத் திறக்கத்தான் பணம். ஆகவே முதலில் இலவசமாகத் தேடி, வேண்டிய பக்கங்களின் பட்டியலை முடித்துக்கொண்டு, ஒரே மாதத்துக்குச் சந்தா கட்டி எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றே நிறுத்திவிடுங்கள்.

7. ‘இல்லை’ என்பதை நிறுவும் முறை

செண்பகராமன் பிள்ளை எம்டனில் இருந்தார் என்ற கூற்றைத் தமிழ் வாசகர் எல்லோரும் கேட்டிருப்பார்கள். சரிபார்க்கும்போது மிகுந்த பொறுமை வேண்டிய கூற்று இது. ஒருவர் ஒரு கப்பலில் இருந்தார் என்று நிறுவ ஒரு பெயர்ப்பட்டியல் போதும். இல்லை என்று காட்ட இரண்டு பாதைகளில் நடக்க வேண்டும்.

முதல் பாதை, கப்பலின் வழித்தடம். எம்டன் ஜூலை 31 அன்று சிங்தாவை விட்டுப் புறப்பட்டது; ஆகஸ்ட் 6 அன்று ஒரு நாள் மட்டும் அங்கே திரும்பியது; அதன்பின் பசிபிக்கில் தன் கடற்படைப் பிரிவோடு சேர்ந்து, தனியே பிரிந்து, கிழக்கிந்தியத் தீவுகள் வழியாக வங்காள விரிகுடாவுக்கு வந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த ஒருவரை ஏற்றிக்கொள்ளும்படியான நிறுத்தம் எதுவும் அந்த வழியில் இல்லை. இரண்டாம் பாதை, மனிதரின் வழித்தடம். 1914-இன் நடுப்பகுதியில் செண்பகராமன் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இந்திய ஆதரவுக் குழுவை நடத்திக்கொண்டிருந்தார். அவ்வாண்டின் இலையுதிர்காலத்தில் பெர்லின் சென்று அங்கிருந்த இந்தியக் குழுவில் சேர்ந்தார். இரண்டு தடங்களையும் நாள்வாரியாக ஒரே தாளில் எழுதினால் அவை எங்கும் சந்திக்கவில்லை என்பது தெரியும். மூக்கேயின் நூல்களிலும் அவர் பெயர் வரவில்லை.

இதை எழுதும்போது அவரைச் சிறுமைப்படுத்தும் தொனி வேண்டாம். சூரிச்சிலும் பெர்லினிலும் அவர் செய்த வேலைக்கு ஆவணச் சான்று உண்டு. அந்த வேலையை எழுத முன்வருவோர் குறைவு என்பதே என் வருத்தம். ‘அவர் கப்பலில் இருந்ததற்குச் சமகாலச் சான்று இல்லை, அன்று அவர் ஐரோப்பாவில் இருந்ததற்குச் சான்று உண்டு’ என்று இரண்டு வாக்கியங்களாக எழுதினால் நேர்மையாகவும் இருக்கும், மறுப்போருக்கும் எதை மறுக்க வேண்டும் என்பது தெளிவாகும்.

8. எண்களும் நேரமும் முரண்படும்போது

சென்னைமீது விழுந்த குண்டுகள் ஒரு நூலில் 125, இன்னொன்றில் 130. கோகோஸில் எம்டன் தரப்பில் இறந்தவர்கள் 133 என்றும் 134 என்றும் காணலாம். சராசரி எடுக்காதீர்கள், எண்ணிக்கை எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னோக்கித் தொடருங்கள். காயமுற்றுப் பின்னர் இறந்தவரைச் சேர்த்தார்களா என்பதிலேயே ஒன்றிரண்டு வேறுபாடு தோன்றிவிடும். விடை தெரியாவிட்டால் இரண்டு எண்களையும் அவற்றின் மூலத்தோடு தாருங்கள்.

நேரத்தில் உள்ள பொறி இன்னும் ஆழமானது. கப்பலின் கடிகாரம், உள்ளூர் நேரம், கிரீன்விச் நேரம் ஆகிய மூன்றும் வெவ்வேறு. ஒரே நிகழ்வு ஜெர்மன் குறிப்பில் ஒரு மணி, ஆஸ்திரேலியக் குறிப்பில் வேறு மணி என்று இருந்தால், யாரோ பொய் சொல்கிறார் என்ற முடிவுக்கு வரும் முன் எந்தக் கடிகாரம் என்று பாருங்கள். நள்ளிரவை ஒட்டிய நிகழ்வுகளில் இது நாளையே மாற்றிவிடும்.

9. படங்களைப் பயன்படுத்தும் முன்

கரை தட்டிச் சிதைந்து கிடக்கும் எம்டனின் படங்கள் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் தொகுப்பில் ஏராளமாக உள்ளன. ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் உரிமை நிலை குறிக்கப்பட்டிருக்கும். ‘பதிப்புரிமை முடிந்தது, பொதுவுடைமை’ என்ற பொருள்படும் குறிப்பு இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். நினைவகத்தின் பெயரையும் படத்தின் எண்ணையும் கீழே இடுங்கள். திரையில் காட்டுவதற்கான அளவு இலவசமாகவே கிடைக்கும். நூலில் அச்சிடப் பெரிய கோப்பு தேவைப்பட்டால் தனியாக விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்த வேண்டும். அச்சகத்துக்குத் தரும் நாளுக்குச் சில வாரங்கள் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். தேடுபொறியின் படப் பகுதியிலிருந்து எடுக்கும் படங்களில் வேறு கப்பல்களும் எம்டன் என்ற பெயரில் உலவுகின்றன. கோகோஸில் வீழ்ந்த எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். 1925-இல் கடலில் இறக்கப்பட்ட, அதே பெயர் கொண்ட கப்பலுக்கு இரண்டு. படத்தை ஏற்றும் முன் அவற்றை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.